தெப்பத்தில் முதல் கால்

இருபத்தோரு பேர் என்று கோயில் கமிட்டி முடிவு செய்திருந்தது. ஏழு வகையறா, வகையறாவுக்கு மூன்று பேர். இதில் ஒருவரைக்கூடக் குறைக்க முடியாது என்று பூசாரி சடையன் சொன்னதும் சரத்குமார் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"இருவத்தோரு பேரு ஏறி நிக்க அது இன்னா கல்யாண மண்டபமாங்க? தெப்பம்ங்க. தண்ணி மேல மெதக்கணும்."

"மண்டபம்னா அறுநூறு பேரு நிப்பாங்க தம்பி. நாம இருவத்தொண்ணுதானே சொல்றோம்?" என்றார் அன்புச்செல்வன். இரண்டாம் வகையறாவின் தலைக்கட்டு அவர். பால் சொசைட்டிக்கும் அவரே தலைவர் என்பதால், எந்தக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையது என்ற நினைப்பு அவருக்கு உண்டு.

புளியேந்தல் ஏரி நிரம்பி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எலவனாசூர்கோட்டைக்குத் தெற்கே, ஷேர் ஆட்டோவில் இருபது நிமிட தூரத்தில் இருக்கும் ஊர். இந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கல்வராயன் மலையில் விடாமல் பெய்தது. ஓடை ஓடையாக இறங்கி வந்த தண்ணீர் ஏரியை நிரப்பி, கலங்கல் வழிந்து, கீழ்க்காட்டுக் கரும்பை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. ஏரி நிரம்பிய வருடம் தை மாதத்தில் பச்சைவாழியம்மனுக்குத் தெப்பம் விட வேண்டும். நிரம்பாத வருடங்களில் அம்மன் தெருவைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குள் போய்விடுவாள்.

சரத்குமார் பதினோரு வருடமாகச் சரக்குக் கப்பலில் மாலுமி. நிலக்கரி, கோதுமை, இரும்பு மண் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு ஆறேழு மாதம் கடலில் கிடப்பான், இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருப்பான். இந்த முறை லீவு தெப்பத்தோடு சேர்ந்து வந்தது. ‘நம்ம ஊர்லயே கப்பல்காரன் இருக்கும்போது வெளிய எதுக்குப் போயி கேக்கணும்’ என்று கமிட்டிதான் அவனைக் கூப்பிட்டு யோசனை கேட்டது. கேட்டதோடு கமிட்டியின் கடமை முடிந்துவிட்டது.

"ஒரு வகையறாவுக்கு ஒருத்தர் ஏறுங்க. ஏழு பேரு. மத்தவங்க கரையில நில்லுங்க. அம்மன் மூணு சுத்து சுத்தி வரத்தானே போறா?"

"ஒருத்தர்னா யாரு? எங்க வகையறால நாங்க அண்ணன் தம்பி மூணு பேரு. நான் ஏறிட்டு அவனுங்கள வுட்டுட்டா, வர்ற பொங்கலுக்கு எவனாவது எங்கூட்டு வாசப்படி மிதிப்பானா?" என்றார் அன்புச்செல்வன்.

"சரிங்க. ஏறுறவங்க நகராம நிப்பீங்களா?"

இதற்குச் சடையன் சிரித்தார். தெப்பம் நான்கு கரைகளிலும் நிற்கும். ஒவ்வொரு கரையிலும் தீபாராதனை. தீபம் காட்டும்போது அம்மன் முகம் பார்க்காமல் எவன் நிற்பான்? எல்லோரும் முன்பக்கம் வருவார்கள். தீபம் முடிந்ததும் விபூதி வாங்க அந்தக் கரைக்கு உரிய வகையறா அந்தப் பக்கம் போகும்.

"அப்ப இருவத்தோரு பேரும் ஒரே பக்கமா வருவீங்க. சுத்துக்கு நாலு தபா."

"ஆமாம். அதானே தெப்பம்?"

இத்தனைக்கும் சரத்தின் அப்பா ராஜாங்கம் அதே கூட்டத்தில், வேப்பமரத்தடியில், துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் மட்டும் சொன்னார்.

"ஊரு முன்னாடி தலையில கைய வெச்சிக்கினு உக்காராத. இழவு வூடு மாதிரி இருக்குது."

*

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பும் களியும். தெப்பம் முடியும்வரை வீட்டில் கறி மீன் கிடையாது. சரத்தின் அம்மா விஜயலட்சுமி களியை உருட்டி இரண்டு தட்டிலும் வைத்தாள். அப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

"உனக்கு இன்னாதான் பிரச்சினை?" ராஜாங்கம்தான் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாது. அதான் பிரச்சினை."

"எங்கண்ணனுக்கு மட்டும் தெரியுமா? ஒம்பது வருஷம் முன்னாடி அவுருதான் முதக்கால் வெச்சாரு. இன்னா ஆயிப்போச்சி?"

முதல் கால் என்பது அந்த வீட்டு உரிமை. அம்மனைத் தெப்பத்தில் ஏற்றியதும் முதலில் கால் வைப்பவர் முதல் வகையறாவின் மூத்த ஆம்பளை. அவர் வைத்த பிறகுதான் மற்ற ஆறு வகையறாவும் ஏறலாம். ராஜாங்கத்தின் அண்ணன் இருக்கும்வரை அது அண்ணனுக்கு. அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. இந்த வெள்ளிக்கிழமைதான், அறுபத்திரண்டாம் வயதில், ராஜாங்கத்தின் கால். அதற்காகக் கள்ளக்குறிச்சி போய் வாங்கி வந்த பட்டுக்கரை வேட்டி பீரோவில் இருந்தது. தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

"அப்ப ஏறுனது பதிமூணு பேரு. அதுவும் மூங்கில் தெப்பம். கட்டுனவங்களுக்குக் கட்டத் தெரியும். இப்ப டிரம்மு வெச்சி பகலவன் கட்டுறான். டிராக்டர் மெக்கானிக்கு."

"மெக்கானிக்குன்னா கட்டத் தெரியாதா?"

"மாமா, அவுரு ஏற வேணாம்னு சொல்லல. லைப் ஜாக்கெட் போட்டுக்கினு ஏறுங்கன்றாரு" என்றாள் ரம்யா, தண்ணீர் சொம்பை வைத்தபடியே. மருமகள் இப்படி நடுவில் பேசினால் ராஜாங்கத்துக்குக் குரல் கொஞ்சம் இறங்கும்.

"அம்மன் முன்னாடி சட்டையே போடக் கூடாதும்மா. இவன் ஆரஞ்சு கலர்ல பஞ்சு மூட்டை கட்டிக்கச் சொல்றான்."

"அப்ப மூணு பேரா ஏறுங்க" என்றான் சரத்.

"மூணு பேரு ஏறுனா அது தெப்பமாடா? பரிசல்."

விஜயலட்சுமிக்கு அலுத்துப்போனது. "ரெண்டு பேரும் வாய மூடிக்கினு தின்னுங்க. களி ஆறுனா கல்லாயிடும். அப்பால எங்கிட்ட வந்து களி சரியில்லன்னுவீங்க."

*

புதன்கிழமை காலையில் சரத் உளுந்தூர்பேட்டைக்குப் போனான். கடலூரில் இருக்கும் நண்பன் ஒருவன் ஆறு லைஃப் ஜாக்கெட்டைப் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தான். அந்த பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். மூட்டையை வாங்கிக்கொண்டு அவன் ஏரிக்கரைக்கு வந்தபோது மணி பதினொன்று. தெப்பத்தை ஏற்கெனவே தண்ணீரில் தள்ளியிருந்தார்கள்.

பதினாறு நீல டிரம். அதன்மேல் சவுக்குக் கட்டைகள், பலகை, நான்கு மூலையிலும் கால் நட்டு மேலே மண்டபம். கயிற்றுக் கட்டு பார்க்கவே அழகாக இருந்தது. அதைக் கட்டியவன் இருசப்பன். கரும்பு வெட்டுக்குப் போகிறவன், வெட்டு இல்லாத நாளில் ஏரியில் வலை போடுகிறவன். இந்த ஏரியில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

சரத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு ஆள்கூட மேலே இல்லை. ஆனால் டிரம்கள் முக்கால்வாசி தண்ணீருக்குள் இருந்தன. இறங்கிப் போய் ஒரு டிரம்மைத் தட்டினான். காலி டிரம்முக்குரிய சத்தம் வரவில்லை.

"இதுல இன்னா இருக்குது?"

"தண்ணி" என்றான் பகலவன், பெருமையாக. "எல்லாத்துலயும் அர டிரம் ஊத்தியிருக்கேன். சொம்மா காலி டிரம்மா வுட்டா காத்துல துள்ளாதா? நீயே சொல்லு. சேத்துல சேடை ஓட்டும்போது டிராக்டர் பின்டயர்ல தண்ணி ஏத்தறோமா இல்லியா? ஏன்? வெயிட்டு இருந்தாதான் வண்டி அமுந்து நிக்கும். பாரு, எப்படி அமுந்து உக்காந்திருக்குது!"

கரையில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் பார்த்தார்கள். எல்லோரும் உழவு ஓட்டுகிறவர்கள். எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"பகலவா," சரத் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "டிராக்டருக்குக் கீழ தரை இருக்குது. இதுக்குக் கீழ இன்னா இருக்குது?"

"தண்ணி."

"அது தாங்குமா?"

"தாங்கறதாலதானே மெதக்குது?"

சரத் ஒரு குச்சியை எடுத்துக் கரை மண்ணில் எழுதினான். பதினாறு டிரம், ஒன்று இருநூறு லிட்டர். காலியாக இருந்தால் மொத்தம் மூவாயிரத்து இருநூறு கிலோ தாங்கும். கட்டையும் பலகையும் மண்டபமும் தொள்ளாயிரம் கிலோ. அம்மனும் பீடமும் பூவும் நூற்றைம்பது. உள்ளே ஊற்றிய தண்ணீரே ஆயிரத்து அறுநூறு. மிச்சம் ஐநூற்றைம்பது.

"ஆளுக்கு அறுவத்தஞ்சு கிலோன்னாலே எட்டு பேருதான். எட்டு பேரு ஏறுனா டிரம்மு தண்ணி மட்டத்துக்கு வந்துடும். அப்பால ஒரு ஆடு ஏறுனாலும் முங்கிடும்."

"எட்டு பேரு முங்காதுன்னு நீயே சொல்றியே?"

"நேரா நின்னா முங்காதுய்யா! ஆடாம நின்னா! உள்ள அர டிரம் தண்ணி இருக்குதே, அது சொம்மா இருக்குமா? தெப்பம் இந்தப் பக்கம் சாஞ்சா தண்ணியும் இந்தப் பக்கம் ஓடும். இன்னும் சாய்க்கும். நீங்க எல்லாம் தீபம் பாக்க அதே பக்கம் வருவீங்க. அப்பால கவுந்துதான் போவும். கப்பல்ல டேங்க் இருந்தா ஒண்ணு முழுசா ரொப்புவோம், இல்லன்னா முழுசா காலி பண்ணுவோம். பாதியில வுட மாட்டோம்."

"சரி, அப்ப முழுசா ரொப்பிடலாமா?" என்றான் பகலவன்.

சரத் குச்சியைத் தூக்கி ஏரியில் எறிந்தான்.

"தொறந்து வுடு. எல்லாத்தையும் காலி பண்ணு. ஸ்பேனர் எங்க?"

அப்போதுதான் சடையன் தொண்டையைச் செருமினார். தெப்பத்தின் முன்காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. பத்து மணி முகூர்த்தத்தில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டிய பிறகு, அம்மன் ஏறி இறங்கும்வரை தெப்பத்தில் இரும்பு படக் கூடாது.

"அது இந்தக் கோயில் வழக்கம் தம்பி. எங்கப்பன் காலத்துலர்ந்து."

"கையால தொறக்க முடியாதாடா?" என்று சரத் பகலவனைக் கேட்டான்.

"பைப் ரிஞ்ச்சு போட்டு முறுக்கி, சுத்திப் பசை வெச்சி அடைச்சிருக்கேன். லீக் ஆவக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

கூட்டம் கலைந்ததும் இருசப்பன் மட்டும் நின்றான்.

"காலி டிரம்மே போதும்னு நான் அப்பவே சொன்னேன் தம்பி. உனுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமான்னு கேட்டாரு பகலவன். தெரியாதுன்னுட்டேன்."

சரத் அவனை ஏற்றி ஓரப் பலகையில் நிற்கச் சொன்னான். ஒரே ஆள். அந்தப் பக்கம் பட்டென்று இறங்கியது. டிரம்களுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இருசப்பன் கரைக்குத் தாவிய பிறகும் தெப்பம் உடனே நிமிரவில்லை. யோசித்து யோசித்து நிமிர்ந்தது.

*

சாயங்காலம் சரத் வெள்ளை பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துப் போய், மூலை டிரம்களில் வெளியே தெரிந்த பகுதியில் ஒரு கோடு போட்டான். கப்பலின் பக்கவாட்டிலும் இப்படி ஒரு கோடு இருக்கும். அது தண்ணீருக்குள் போனால் அதற்குமேல் ஒரு மூட்டை ஏற்ற மாட்டார்கள். துறைமுகத்தில் யார் கத்தினாலும் ஏற்ற மாட்டார்கள்.

"இந்தக் கோடு முங்குச்சின்னா ஏறறத நிறுத்தணும். அம்மன், பூசாரி, கழி போடுறவங்க ரெண்டு பேரு. அதுக்கு மேல ஒருத்தரோ ரெண்டு பேரோதான்" என்று கரையில் இருந்த எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் நான்கு கோட்டிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. ஒன்றுக்குச் செவ்வந்திப்பூச் சரமும் சுற்றியிருந்தார்கள். நல்ல மனதோடுதான் செய்திருந்தார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சரத் வீட்டுக்கு வந்து திண்டில் தலை வைத்துப் படுத்துவிட்டான்.

"இன்னாங்க, கோடு எப்படி இருக்குது?" என்றாள் ரம்யா.

"பொட்டு வெச்சிக்கினு இருக்குது."

ரம்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"நீங்க ஒரு தபா மாமாகிட்ட பொறுமையா சொல்லுங்களேன்."

"நாலு நாளா பொறுமையாத்தான் சொல்லிக்கினு இருக்கேன்."

"நாலு நாளா கத்திக்கினு இருக்கீங்க."

ராஜாங்கம் அப்போது மக்காச்சோளக் கொல்லையில் இருந்தார். குருத்துக்குள் புழு விழுந்திருந்தது. நாளைக்குத் தெப்பம், அப்புறம் இரண்டு நாள் விருந்தாளிகள், அதனால் இன்றைக்கே மருந்து அடித்துவிட வேண்டும். பதினாறு லிட்டர் டேங்க்கை முதுகில் மாட்டி வரிசை வரிசையாக அடித்துக்கொண்டு போனார். டேங்க் நிறைய இருக்கும்போது சுமைதான், ஆனால் நடக்க நேராக இருந்தது. பாதி தீர்ந்தபோது அடுத்த பாத்திக்குப் போக வரப்பில் ஏறினார். வரப்பு இன்னும் ஈரம் காயாதது. இடது கால் லேசாகத்தான் வழுக்கியது. அவர் நிமிரப் பார்ப்பதற்குள் முதுகில் மருந்து சளக்கென்று இடது பக்கம் சாய்ந்து அவரையும் சேர்த்து இழுத்தது. முழங்கால்வரை சேற்றில், ஒரு கை கலங்கிய தண்ணீரில் ஊன்றி நின்றார்.

வாழ்நாளெல்லாம் மருந்து அடித்தவர். இது எத்தனையோ தடவை இழுத்திருக்கிறது. இன்றைக்குத்தான் அவர் சேற்றைக் கழுவாமல், வரப்பிலேயே உட்கார்ந்து, டேங்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தவர் சேற்று வேட்டியோடு மகன் முன்னால் நின்றார்.

"அந்த டிரம்மு. மருந்து டேங்கு பாதியா இருக்கும்போது முதுகுல இழுக்குமே, அது மாதிரியா?"

சரத் எழுந்து உட்கார்ந்தான். "அதேதாம்பா."

"பதினாறு டேங்கு."

"ஒவ்வொண்ணும் இதவிடப் பத்து மடங்கு பெருசு."

"இத மொதல்லயே இப்படிச் சொல்றதுக்கு இன்னாடா? மூவாயிரத்து இருநூறு, தொள்ளாயிரம்னுக்கினு மண்ணுல கணக்கு எழுதிக்கினு இருந்தியாமே?"

சரத்துக்கு வந்த கோபத்தை ரம்யாதான் கண்ஜாடையால் அடக்கினாள். ராஜாங்கம் கால்கூடக் கழுவாமல் சடையன் வீட்டுக்குப் போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். காப்புக் கட்டினது கட்டினதுதான், இரும்பு படக் கூடாது என்றால் படக் கூடாதுதான் என்று பூசாரி சொல்லிவிட்டாராம். அன்புச்செல்வன் வீட்டுக்கும் போயிருக்கிறார். ‘பயமா இருந்தா சொல்லுண்ணா, உனக்குப் பதிலா நான் முதக்கால் வெக்கிறேன்’ என்று அவர் சிரித்தாராம்.

அன்று ராஜாங்கம் பீரோவைத் திறக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே கரை நிறைந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அம்மன் மூன்று சுற்றும் முடித்துக் கரை ஏற வேண்டும். பம்பை சத்தம், பஜ்ஜிக் கடை எண்ணெய் வாசனை, பலூன்காரன் ஊதல். வெட்டாத கரும்பு வயலில்கூட ஏறி நின்று ஜனம் எட்டிப் பார்த்தது. ஆறு லைஃப் ஜாக்கெட்டும் அம்மன் பீடத்துக்குக் கீழே சிவப்புத் துணி போட்டு மூடி, பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. போட்டுக்கொள்ள முடியாது, ஆனால் அம்மன் பாதத்தில் இருக்கட்டும் என்று கமிட்டி பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்திருந்தது.

அம்மனை ஏற்றினார்கள். சடையன் ஏறினார். கழி போட இருசப்பனும் அவன் மச்சானும் ஏறினார்கள். இந்தக் கால்கள் எந்த வகையறாக் கணக்கிலும் வராது. மஞ்சள் பூசிய கோட்டுக்குக் கீழே நான்கு விரல் அளவுக்குத் தண்ணீர் வந்து நின்றது. இருபது ஆம்பளைகள் வெற்று மார்போடு, இடுப்பில் துண்டோடு, வரிசையாக நின்றார்கள்.

ராஜாங்கம் குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். பம்பை நின்றது. அவர் தண்ணீர் ஓரம்வரை நடந்தார். அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பினார்.

"நான் கால் வெக்கல."

"இன்னாண்ணா?" என்றார் அன்புச்செல்வன்.

"வெக்கலன்னேன். காது கேக்கலியா?"

"நேரம் ஆவுது, வெளையாடாதண்ணா. ஜனம் பாத்துக்கினு இருக்குது."

"அதுக்குத்தான் சத்தமா சொல்றேன்."

"சரி, உனக்கு முடியலன்னா நான் வெக்கிறேன். தள்ளு."

"நீ எப்படி வெப்ப? முதக்கால் எங்களுது. நான் செத்தா போயிட்டேன்? உசுரோட இங்க நின்னுக்கினு இருக்கேன். முதக்கால் படாம ரெண்டாங்கால் படலாமா? பூசாரியக் கேளு."

எல்லோரும் தெப்பத்தில் நின்ற சடையனைப் பார்த்தார்கள். சடையன் வானத்தைப் பார்த்தார். வழக்கம் அப்படித்தான். அவர் நேற்று காப்புக்கு எந்த வழக்கத்தைச் சொன்னாரோ, அதே வாயால் இன்றைக்கு இதை இல்லை என்று சொல்ல முடியாது.

"படக் கூடாதுதான்" என்றார், பாதிக் குரலில்.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் கழிச்சி வந்த தெப்பம்டா என்றது ஒரு குரல். கப்பல்காரன் அப்பனைக் கெடுத்துட்டான் என்றது இன்னொன்று. ஐந்தாம் வகையறாக்காரர் ஒருவர், தன் சம்பந்தி மணலூர்பேட்டையிலிருந்து தன்னைத் தெப்பத்தில் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சொல்லி அழுதேவிட்டார். ‘வூட்டுல சொல்லுக்கா அந்த ஆளுகிட்ட’ என்று பெண்கள் விஜயலட்சுமியைப் பிடித்துக்கொண்டார்கள். ‘நாப்பது வருஷமா நான் சொல்லி அவுரு இன்னா கேட்டாரு?’ என்றாள் அவள்.

வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. சடையன் பொறுமை இழந்தார்.

"நேரம் போவுது. அம்மனக் காக்க வெக்க முடியாது. கணக்குல இருக்கற கால் எதுவும் வேணாம். நாங்க மட்டும் சுத்திட்டு வந்துடறோம்."

சரத் ஒரே தாவலில் தண்ணீர் ஓரத்துக்கு வந்தான். தெப்பத்தில் தான் இருந்தால் நல்லது என்று நினைத்தான். ராஜாங்கம் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ எங்கடா போற?"

"நான் போயி பாத்துக்கறேன்பா. அவங்களுக்கு..."

"உன் கால் பட்டா அது முதக்கால்டா! நம்ம வகையறாதானே நீ? நீ வெச்சா பின்னாடியே இருவது பேரும் ஏறுவான்."

சரத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஊரிலேயே கப்பல் தெரிந்த ஒரே ஆள், கரையில் நிற்க வேண்டும். இருசப்பனைப் பார்த்துக் கத்தினான்.

"ஜாக்கெட்ட எடுத்து மாட்டுங்க! மதகுப் பக்கம் போவாதீங்க! ஆடுச்சின்னா நிக்காதீங்க, உக்காந்துடுங்க!"

இருசப்பன் சிவப்புத் துணியை விலக்கி ஒரு ஜாக்கெட்டை எடுத்து மாட்டினான், மச்சானுக்கும் ஒன்றை மாட்டிவிட்டான். சட்டை போடக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. கணக்கில் வராதவனுக்கு அந்த விதியும் கிடையாது.

தெப்பம் நகர்ந்தது. முதல் சுற்று அமைதியாகப் போனது. இரண்டாவது சுற்றில் மேற்குக் கரையில் நின்றபோது சடையன் தீபத்தை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் மூன்று அடி நடந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. தெப்பம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது.

சரத் மனதுக்குள் எண்ணினான். கப்பலில் வெடுக்கென்று நிமிர்ந்தால் பயமில்லை. சோம்பலாக நிமிர்ந்தால்தான் பயம். ஒன்று, இரண்டு, மூன்று. இருசப்பனும் மச்சானும் பட்டென்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். ஐந்து, ஆறு. சடையன் ஒரு கையால் மண்டபக் காலைக் கட்டிக்கொண்டார். எட்டில்தான் தெப்பம் மெல்ல நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

கரை முழுக்கக் குலவைச் சத்தம் எழுந்தது.

"அம்மா ஆடுறா! பாருங்கடி, தாயி ஆடுறா!"

பம்பைக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ‘அம்மன் முன்னாடி கால நீட்டிக்கினு உக்காந்துட்டான் பாரு இருசப்பன்’ என்று யாரோ கோபமாகச் சொன்னார்கள். சரத் திரும்பி அப்பாவைப் பார்த்தான். ராஜாங்கத்தின் புது வேட்டி நுனி தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. அவர் உதடு அசைந்தது. அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் சடையன் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. தீபத்தைக் கை நீட்டிக் காட்டியதோடு சரி. அம்மன் பத்திரமாகக் கரை ஏறினாள்.

*

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

"பாத்தீங்களா, இன்னா அழகா சுத்தி வந்துச்சி! இருவத்தோரு பேரும் ஏறியிருக்கலாம்" என்று ஊரே பேசியது. சனிக்கிழமை காலையில் கோயில் பொங்கல் எல்லார் வீட்டுக்கும் வந்தது, ராஜாங்கம் வீட்டுக்கு வரவில்லை. பகலவன் எதிரில் பார்த்தும் வண்டியை நிறுத்தவில்லை. விஜயலட்சுமி குழாயடியில் குடத்தை வைத்தபோது பேச்சு நின்றது.

"ஒண்ணுமே ஆவலியேடா" என்றார் ராஜாங்கம் மகனிடம், கூழைக் குடித்தபடி. குறைபட்டுக்கொள்வது போலத்தான் இருந்தது.

"ஆவக் கூடாதுன்னுதானேப்பா இவ்ளோ பண்ணோம்?"

"அது எனக்குத் தெரியுது. ஊருக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுப்பா. கப்பல்லயும் தெரியாது. ஏத்தாதன்னு நின்னு, ஒண்ணும் ஆவாம வந்து சேந்தா, எதுக்கு ஏத்தலன்னுதான் கேப்பாங்க."

"அப்ப இந்த வேலைக்கு நீ எதுக்குப் போற?"

ரம்யா அவன் தம்ளரில் இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றினாள்.

ராஜாங்கம் கேனை வண்டியில் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனார். பத்துப் பன்னிரண்டு பேர் பால் ஊற்ற நின்றிருந்தார்கள். அவருக்கு வழி விட்டார்கள், பேசவில்லை. அன்புச்செல்வன் அளவு பார்க்கிறவனைத் தள்ளிவிட்டுத் தானே எழுந்து வந்தார். எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"ண்ணா, ஒரு விஷயம். கமிட்டியில பேசிக்கினோம். நேத்து நீ வேணாம்னுட்ட. சரி, அது உன் இஷ்டம். ஆனா அடுத்து ஏரி ரொம்புறப்பவும் இந்த மாதிரி ஊர நிறுத்தி வெக்கக் கூடாது. அதனால முதக்கால வேணாம்னு இப்பவே சொல்லிட்டன்னா, நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்குவோம்."

ராஜாங்கம் கேன் மூடியைத் திறந்தார். பாலை ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துப் பிடித்தார்.

"யாரு வேணாம்னது? முதக்கால் எங்களுதுதான். அடுத்த தபாவும் குளிச்சிட்டு, வேட்டி கட்டிக்கினு, முன்னாடி வந்து நிப்பேன்."

"அப்ப வெப்பியா?"

"ஏறறது எத்தினி பேருன்னு மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. டிரம்மத் தட்டிப் பாத்துட்டு, வெக்கிறனா இல்லியான்னு அப்ப சொல்றேன்."

காலிக் கேனை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார். முதல் உதையில் அது கிளம்பவில்லை. யாரும் சிரிக்கவில்லை.